முட்டைகூடத் தொடாதவருக்கும் பன்றி நாடாப்புழு!

‘‘நாங்க சுத்த சைவம் டாக்டர். எங்க வீட்ல முட்டைகூட வாங்க மாட்டோம். எங்க பிள்ளைக்குப் போய் பன்றிப் புழுவா? ஸ்கேன் ஏதாவது மாறிப் போச்சுங்களா?’’

மூளை ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் இப்படிக் கேட்பது நம் ஊர் நரம்பியல் டாக்டர்களுக்குப் புதிதல்ல. அதுவரை ஜலதோஷத்துக்குக்கூட ஆஸ்பத்திரி போகாத பிள்ளை. ஒரு நாள் காலையில் கை வெட்டி வெட்டி இழுக்கிறது, நினைவு தப்புகிறது. ஸ்கேன் எடுத்தால் மூளையில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. ‘‘இது புழுக்கட்டி. பன்றிக்கும் மனுஷனுக்கும் பொதுவான ஒரு நாடாப்புழுவோட குஞ்சு’’ என்கிறார் டாக்டர். வீட்டில் பூகம்பம்!

ஸ்கேன் மாறவில்லை. சைவமும் பொய்யில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும். எப்படி என்று புரிந்துகொண்டால் பயம் பாதி குறைந்துவிடும்.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோர் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். ஒரகடத்தை ஒட்டி வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம். சுற்றிலும் கார், லாரி, பைக், உதிரிபாகத் தொழிற்சாலைகள். விருதுநகர் பையனும் பீகார் பையனும் ஒடிசா பையனும் பக்கத்துப் பக்கத்து அறையில் தங்கி, ஒரே மெஸ்ஸில் தட்டு நீட்டுகிற இடம் இது. அங்கே யாருக்கும் வீட்டுச் சமையல் கிடையாது. மூன்று வேளையும் அடுத்தவர் கையால்தான் சாப்பாடு. விஷயமே அந்தக் கையில்தான் இருக்கிறது.

பன்றி இருக்க வேண்டிய இடத்தில் நாம்

இந்தப் புழுவுக்கு வாழ்க்கையில் இரண்டு வீடு. வளர்ந்த புழுவின் வீடு மனிதனின் சிறுகுடல். அங்கே தலையைக் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு, இரண்டு முதல் நான்கு மீட்டர் நீளத்துக்கு ரிப்பன் மாதிரி வளரும். வால் பக்கத்திலிருந்து துண்டு துண்டாகக் கழன்று மலத்தோடு வெளியே வரும். ஒவ்வொரு துண்டிலும் ஆயிரக்கணக்கான முட்டைகள். ஒரு முட்டையின் அளவு ஒரு மில்லிமீட்டரில் முப்பதில் ஒரு பங்குதான். கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

குஞ்சுக்கு வீடு பன்றியின் சதை. திறந்த வெளியில் கிடக்கும் மனித மலத்தைப் பன்றி தின்கிறது. வயிற்றில் முட்டை பொரிந்து, குஞ்சு குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, சதையில் போய் அரிசி மணி மாதிரி வெள்ளைக் கொப்புளமாக உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கறியை அரைவேக்காட்டில் சாப்பிடுபவரின் குடலில் கொப்புளம் புழுவாக வளர்கிறது. சக்கரம் முடிந்தது.

ஜெர்மானிய டாக்டர் கூக்கன்மைஸ்டர் 1855-ல் இதை நிரூபித்த விதம் இன்று கேட்டால் உடம்பு கூசும். மரண தண்டனைக் கைதி ஒருவனுக்கு, அவனுக்கே தெரியாமல், சூப்பிலும் சாசேஜிலும் பன்றிக் கொப்புளங்களைக் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பிறகு குடலைத் திறந்து பார்த்தார். உள்ளே இளம் நாடாப்புழுக்கள்! விஞ்ஞானம் வளர்ந்தது சரி, அந்த மனிதனைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம்.

இதுவரை சொன்னதில் சைவக்காரருக்கு இடமே இல்லை. கறி சாப்பிடாதவர் குடலில் இந்தப் புழு வளராது. ஆனால் கொப்புளத்துக்குப் பதிலாக முட்டை வாய்க்குள் போனால்? அப்போது நம் உடம்பே பன்றியின் வேலையைச் செய்கிறது! முட்டை பொரிகிறது, குஞ்சு குடலைத் துளைக்கிறது, ரத்தத்தில் ஏறுகிறது. சதையில், தோலுக்கடியில், கண்ணில், மூளையில் என்று எங்கு வேண்டுமானாலும் போய் உட்காருகிறது. மூளையில் உட்கார்ந்தால் அதற்கு ‘நியூரோசிஸ்டிசெர்கோசிஸ்’ என்று வாயில் நுழையாத பெயர்.

ஆக, பன்றிக்கறி சாப்பிட்டால் மூளையில் புழு வரும் என்று ஊரில் பேசுவது தவறு. கறியிலிருந்து வருவது குடல் புழு. மூளைக் கட்டி வருவது மனித மலத்திலிருந்து வெளியேறிய முட்டையால். முட்டைகூடத் தொடமாட்டோம் என்கிறவர் தமக்குத் தெரியாமல் தொட்டுவிட்ட முட்டை இதுதான்.

நியூயார்க்கில் ஓர் ஆச்சரியம்

இது ஏதோ ஏழை நாட்டு வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்த அமெரிக்காவுக்கு 1992-ல் ஓர் அதிர்ச்சி. நியூயார்க் நகரத்தில் நான்கு பேருக்கு அடிக்கடி வலிப்பு. ஒருவருக்கொருவர் உறவில்லை. ஆனால் நால்வரும் மிகுந்த ஆச்சாரமான யூதர்கள். பன்றிக்கறியை மதமே தடுத்திருக்கிறது, அவர்கள் அதை முகர்ந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். நால்வர் மூளையிலும் பன்றி நாடாப்புழுவின் குஞ்சு!

துப்பறிந்தபோது தெரிந்த விஷயம் இது. அந்த வீடுகளில் எல்லாம் இந்தப் புழு பரவலாக இருக்கும் லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த பணிப்பெண்கள் இருந்தார்கள். ஆறு பேரைப் பரிசோதித்ததில் ஒருவர் குடலில் நாடாப்புழு இருந்தது. இன்னொருவருக்கு ரத்தப் பரிசோதனையில் தடயம். நோயாளிகளின் குடும்பத்தாரில் பதினேழு பேருடைய ரத்தத்தைச் சோதித்தால், ஏழு பேருக்கு அந்தப் புழு உடம்புக்குள் வந்துபோன அடையாளம்.

பணிப்பெண்ணைத் திட்டத் தோன்றுகிறதா? நியாயமில்லை. குடலில் இந்தப் புழு இருப்பவருக்குப் பெரும்பாலும் ஒரு தொந்தரவும் தெரியாது. லேசாக வயிற்றுவலி, பசி, மலத்தில் எப்போதாவது வெள்ளை ரிப்பன் துண்டு... அவ்வளவுதான். தன்னிடம் இருப்பது தெரிந்தால்தானே மருந்து சாப்பிடுவார்? போதாக்குறைக்கு, அடுத்தவரைவிட அவருக்குத்தான் ஆபத்து அதிகம். தன் கை, தன் வாய். அவர் மூளைக்கும் அதே முட்டை போகலாம்.

வேலூர் அவிழ்த்த முடிச்சு

நம் கதைக்கு வருவோம். வடக்குப்பட்டிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. 1980-களில் சி.டி. ஸ்கேன் வந்த புதிதில் இந்திய டாக்டர்களுக்கு ஒரு குழப்பம். வலிப்போடு வருகிறவர்களை ஸ்கேனில் பார்த்தால் மூளையில் ஒரே ஒரு சின்னப் புள்ளி, சுற்றிலும் வீக்கம். நம் நாட்டில் டி.பி. அதிகம் என்பதால் இதுவும் டி.பி. கட்டிதான் என்று எடுத்துக்கொண்டு, மாதக்கணக்கில் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். கட்டியும் மறைந்தது. ‘மருந்து வேலை செய்கிறது’ என்று எல்லோருக்கும் திருப்தி!

சி.எம்.சி.யின் மூளை அறுவை சிகிச்சை நிபுணர்கள் மேத்யூ சாண்டியும் வேதாந்தம் ராஜசேகரும் திருப்திப்படவில்லை. அந்தப் புள்ளிகளைச் சிலருக்கு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் டி.பி. இல்லை. செத்துக்கொண்டிருக்கும் புழுக்குஞ்சு! 1989-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இது வந்தது. மாத்திரை இல்லாவிட்டாலும் பல கட்டிகள் சில மாதங்களில் தாமாகவே கரைந்துவிடும் என்பதும் தெரிந்தது. எத்தனையோ பேர் தேவையில்லாத டி.பி. மருந்திலிருந்து தப்பித்தார்கள்.

பிறகு அதே வேலூரில் கிராமத்திலும் நகரத்திலுமாக ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களை வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். முடிவுகள் 2006-ல் வெளிவந்தன. ஆயிரம் பேருக்குக் கிட்டத்தட்ட நான்கு பேர் வலிப்பு நோயாளிகள். பரிசோதிக்கப்பட்ட அந்த நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழுதான்! பன்றிக்கறி அவ்வளவாகப் புழங்காத ஊரில், கறியே தொடாத வீடுகளிலும். எதிர்பாராத நோயாளி என்கிறோம். கணக்கைப் பார்த்தால் நாம்தான் எதிர்பார்க்கத் தவறியிருக்கிறோம்.

மெஸ் சாப்பாடும் ஒரு ஜோடிக் கையும்

இப்போது ஒரகடத்துக்கு வாருங்கள். கழிப்பறையில் சோப் இல்லை. தண்ணீரும் அரைகுறை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கையை நனைத்துக்கொண்டு வந்து ஒருவர் வெங்காயம் நறுக்குகிறார். அவர் குடலில் புழு இருந்தால் நகத்தின் இடுக்கில் முட்டை. வெந்த சாம்பாரில் விழுந்தால் பாதகமில்லை, கொதியில் செத்துவிடும். பச்சை வெங்காயத்தில், தயிர்ப்பச்சடியில், தேங்காய்ச் சட்னியில், ஆறிய பிறகு கையால் பிசைந்த சாதத்தில் பட்டால்தான் வம்பு.

அந்த ஒருவர் வடக்கிலிருந்து வந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். வேலூர்க் கணக்கு நம் மண்ணில் எடுத்தது. மதுரைக்காரர் குடலிலும் இருக்கலாம், முதலாளி குடலிலும் இருக்கலாம். பன்றி வளர்ப்பவரையும் கறி சாப்பிடுபவரையும் ஒதுக்கி வைப்பதாலும் பயன் இல்லை. நன்றாக வெந்த பன்றிக்கறி யாரையும் ஒன்றும் செய்யாது. ஊரில் கக்கூஸ் இல்லாததுதான் குற்றம்.

எத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை, எத்தனை குழாய் என்ற கேள்வி இந்தப் பகுதிக்குப் புதிதும் அல்ல. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளிகள், விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்த பிறகுதான் விடுதிகளின் லட்சணம் வெளியே தெரிந்தது. அது வேறு வகைக் கிருமி, சாப்பிட்ட சில மணி நேரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். நம் புழு அப்படி இல்லை. வருடக்கணக்கில் காத்திருக்கும். அந்தக் காலத்தில் இந்தியாவில் பணிபுரிந்து லண்டன் திரும்பிய வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பல வருடங்கள் கழித்து வலிப்பு வந்ததை அங்கே 450 பேர் வரை பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதனால் எந்த மெஸ், எந்தச் சட்னி என்று யாராலும் விரல் நீட்ட முடியாது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு தொழிலாளர் குடியிருப்பு திறந்தார்கள். வரவேற்க வேண்டியதுதான். சின்னச் சின்ன வாடகை அறைகளில் தகரக் கதவு போட்ட ஒரே கழிப்பறையைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்கிறவர்களை யார் பார்ப்பது?

உணவு கையாளும் ஊழியர்களுக்கு வருடம் ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அதில் மலப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யுங்கள் என்று கேன்டீன் காண்ட்ராக்டரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரே சாம்பிளில் தப்பிவிடும், அதனால் இரண்டு மூன்று நாள் சாம்பிள் பார்ப்பார்கள். புழு இருந்தால் ஆளை வேலையை விட்டுத் துரத்தத் தேவையே இல்லை, டாக்டர் மேற்பார்வையில் ஒரே வேளை மருந்தில் பெரும்பாலும் போய்விடும்.

இன்னொன்று. கொரோனா காலத்திலிருந்து பையில் சானிடைசர் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. இந்த முட்டைக்குக் கெட்டியான ஓடு, சானிடைசருக்கு அசையாது. சோப் போட்டு, நகத்தைத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் கழுவினால்தான் கையை விட்டுப் போகும்.

முட்டைகோஸ் பாவம்!

‘‘கோஸில புழு இருக்கு, சாப்ட்டா மூளைக்கு ஏறிடும்’’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, பார்த்திருப்பீர்கள். கோஸுக்குள்ளும் காலிஃப்ளவருக்குள்ளும் நெளியும் பச்சைப் புழு ஒரு பூச்சியின் புழு. அதற்கும் மூளைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கோஸ் பொரியல் தாராளமாகச் சாப்பிடலாம்.

வதந்தியிலும் ஒரு துளி உண்மை உண்டு. சாக்கடைத் தண்ணீர் பாய்ச்சின நிலத்தில் விளைந்த எந்தக் காயின் மேலும் இந்த முட்டை ஒட்டியிருக்கலாம். கோஸ், கீரை, கொத்தமல்லி, கேரட் என்று பேதமில்லை. உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் முட்டை செத்துவிடும் என்று நம்பாதீர்கள். இலை இலையாகப் பிரித்துப் பல முறை கழுவினால் குறையும். வேக வைத்தால் தீரும். வெளியூர் மெஸ்ஸில் சாலட் வேண்டாம் என்று சொல்வதில் வெட்கம் எதற்கு?

‘பழைய காலத்துல இதெல்லாம் ஏது?’ என்கிறீர்களா? வடக்குப்பட்டிலேயே 2022-ல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கற்கருவிகள் கிடைத்தன. அந்தக் கல்லைச் செதுக்கியவனைவிட இந்தப் புழுவுக்கு வயசு அதிகம். மனிதன் பன்றி வளர்க்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே, ஆப்பிரிக்காவில் வேட்டையாடித் தின்ற நாட்களிலேயே நாடாப்புழு நம் குடலில் குடியேறிவிட்டது என்கிறது ஆராய்ச்சி. பன்றிக்குத் தொற்றைக் கொடுத்ததே நாம்தானாம்!

மெடிக்கல் ஷாப்புக்கு ஓடாதீர்கள்

இதைப் படித்துவிட்டு ‘எதுக்கும் ஒரு பூச்சி மாத்திரை போட்டுக்குவோம்’ என்று கிளம்பிவிடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க நாளன்று குழந்தைகளுக்குக் கொடுக்கும் மாத்திரை வேறு கணக்கு, அதைத் தடுக்க வேண்டாம். வலிப்போ விடாத தலைவலியோ பார்வைக் கோளாறோ இருக்கும் பெரியவர்கள் தாமாக அல்பெண்டசோல் வாங்கி நாள்கணக்கில் விழுங்குவதுதான் ஆபத்து.

காரணம் இதுதான். மூளையில் புழு உயிரோடு இருக்கும்வரை நம் உடம்பை ஏமாற்றிக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும். சாகும்போதுதான் உடம்புக்குத் தெரிந்து, சுற்றிலும் வீங்கி, வலிப்பு வருகிறது. நிறையக் கட்டிகள் இருக்கும் மூளையில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொன்றால் வீக்கம் உயிருக்கே வினை. 2019-ல் ஃபரிதாபாத் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் வெளியிட்ட ஒரு கேஸ் உலகத்தையே உலுக்கியது. பதினெட்டு வயது இளைஞன். மூளை முழுக்கக் கட்டிகள், ஒரு கண்ணிலும் கூட. அந்த நிலையில் புழுவைக் கொல்லும் மருந்தைக் கொடுத்தால் இன்னும் மோசமாகும் என்று டாக்டர்களே அதைத் தவிர்த்தார்கள். வேறு மருந்துகள் கொடுத்தும் இரண்டு வாரத்தில் அந்தப் பையன் இறந்துபோனான்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. நம் நாட்டில் அதிகம் பார்ப்பது ஒற்றைக் கட்டி. அதற்கு வலிப்பு மருந்து, தேவைப்பட்டால் ஸ்டீராய்டு பாதுகாப்போடு புழு மருந்து, சில மாதம் கழித்து மறு ஸ்கேன். பலருக்குக் கட்டி மறைந்துவிடும். சிலருக்குச் சுண்ணாம்புத் தழும்பாக நின்று மறுபடி வலிப்பைக் கிளப்பும். எப்போது மருந்தை நிறுத்தலாம் என்பது டாக்டர் முடிவு. ‘ரெண்டு மாசமா வரலையே’ என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: தூக்கம் கெட்டாலே வலிப்பு தூண்டப்படும். ஷிப்ட் மாற்றச் சொல்லி டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பிரஸ் மிஷின், ஃபோர்க்லிஃப்ட், உயரத்தில் ஏறும் வேலை எதுவும் டாக்டர் சரி என்று சொல்லும்வரை கூடாது.

பெண் பிள்ளை என்றால் வீட்டில் முதலில் எழும் பயம் கல்யாணம். மூளையில் கட்டி இருப்பவர் யாருக்கும் பரப்ப மாட்டார். கணவனுக்கும் வராது, பிறக்கிற குழந்தைக்கும் வராது. குடலில் புழு இருப்பவர்தான் பரப்புவார். அதனால் வலிப்பு வந்தவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்து நிறுத்தாமல், வீட்டிலும் அறையிலும் கூட இருப்பவர்களின் மலத்தையும் பரிசோதிக்கச் சொல்வார்கள், ஒத்துழையுங்கள். வலிப்பு நோயைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கலாம் என்று இந்து திருமணச் சட்டத்தில் இருந்த வாசகத்தையே 1999-ல் எடுத்துவிட்டார்கள். மறைத்துக் கட்டிவைத்து, மாத்திரையை ஒளித்துச் சாப்பிட வைப்பதைவிடச் சொல்லிச் செய்வது எவ்வளவோ நிம்மதி.

சரி, கண்ணெதிரே ஒருவருக்கு இழுக்கிறது. நம் ஊர் வழக்கப்படி நாலு பேர் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். ஒரகடத்தில் இரும்புக்கா பஞ்சம்? ஸ்பேனரே கிடைக்கும்! எதையும் கையில் திணிக்க வேண்டாம். வாயில் துணியோ கரண்டியோ வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். மிஷினிலிருந்து தள்ளிப் படுக்க வைத்து, தலைக்கடியில் மடித்த சட்டையை வைத்து, சட்டைக் கழுத்தைத் தளர்த்தி, உடம்பை ஒருபக்கமாகச் சாய்த்துவிடுங்கள். மணி பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி இழுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். முதல் தடவை வலிப்பு என்றால் நின்றுபோனாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.